கூறியது கூறலும் கதையின் விசையும்: 'த வீல் ஆஃப் டைம்' நாவல்தொடரில் இரு ஆசிரியர்களின் உரைநடை

ஆய்வுச்சுருக்கம்

வெகுசன மிகுபுனைவு நாவலாசிரியர்களைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் உரைநடையில் குறையையும் கதை சொல்லும் திறத்தில் நிறையையும் காண்கின்றன. இரண்டையும் தனித்தனியே எடைபோட முடியும் என்னும் நம்பிக்கை இம்மதிப்பீடுகளுக்கு அடிப்படையாக உள்ளது. ராபர்ட் ஜோர்டன் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் பிராண்டன் சாண்டர்சன் நிறைவு செய்த 'த வீல் ஆஃப் டைம்' என்னும் ஆங்கில நாவல்தொடரைக் கொண்டு இந்நம்பிக்கையை இக்கட்டுரை சோதிக்கிறது. கூறியது கூறல் என்னும் குற்றம் குறித்துத் தமிழ் இலக்கண மரபு கொண்டுள்ள கருத்து இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மிகுபுனைவு, உரைநடை, கூறியது கூறல், வாய்பாடு, நோக்குநிலை, முரண்நகை.

1. சிக்கல்

ஃபேண்டஸி எனப்படும் மிகுபுனைவு நாவல்களைப் படிப்போரிடையே வழங்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. இன்ன ஆசிரியருக்கு எழுத வராது, ஆனால் கதை சொல்ல வரும் என்பது அது. ராபர்ட் ஜோர்டனைப் பற்றி அவருடைய அன்பர்களே இவ்வாறு கூறுவர். பிராண்டன் சாண்டர்சனைப் பற்றியும் இதே தீர்ப்பு வழங்குகிறது. சற்று மரியாதையாக, அவருடைய நடை எளியது என்பர். எதிர்த்தரப்பாரும் இதே தீர்ப்பைத்தான் வழங்குகின்றனர். அன்பர்கள் கதைக்காக நடையை மன்னிக்கின்றனர். எதிர்ப்போர் நடைக்காகக் கதையைத் தள்ளுகின்றனர். இரு சாராரும் நடை வேறு, கதை வேறு என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

இப்பிரிப்பு நமக்கும் அந்நியமானதன்று. தமிழ் நாவல் குறித்த ஆய்வேடுகளின் பொருளடக்கத்தைப் புரட்டினால், பாத்திரப்படைப்பு ஓர் இயலாகவும் மொழிநடை வேறோர் இயலாகவும் நிற்பதைக் காணலாம். மொழிநடை பெரும்பாலும் இறுதி இயலாக வரும். உவமைகளும் பழமொழிகளும் வட்டார வழக்குகளும் அங்கே பட்டியலிடப்படும். (இக்கட்டுரையாளரின் ஆய்வேட்டு வரைவும் இதற்கு விலக்கன்று.) பாத்திரம் எந்த வாக்கியங்களால் ஆனதோ அவ்வாக்கியங்களை விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பற்றி ஓர் இயல் முழுவதும் எழுத முடிகிறது என்பதை நாம் வியப்போடு பார்ப்பதில்லை.

நடையும் கதையும் பிரியக்கூடியனவா என்பதைச் சோதிக்க வேண்டுமாயின், ஒரே கதையை இருவேறு உரைநடைகளில் தொடர்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். இலக்கிய ஆய்வில் இத்தகைய சோதனைக்கு வாய்ப்பு அரிது. 'த வீல் ஆஃப் டைம்' தொடரில் அது தானாகவே நேர்ந்துள்ளது.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் 1948இல் பிறந்த ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி, ராபர்ட் ஜோர்டன் என்னும் புனைபெயரில் இத்தொடரை எழுதினார். முதல் தொகுதியான 'தி ஐ ஆஃப் த வேர்ல்ட்' 1990இல் வெளிவந்தது. பதினொன்றாம் தொகுதி 2005இல் வெளியானது. 2007 செப்டம்பர் 16 அன்று ஜோர்டன் நோயால் மறைந்தார். அவருடைய துணைவியாரும் தொடரின் பதிப்பாசிரியருமான ஹாரியட் மக்டூகல், அப்போது சில நாவல்களே வெளியிட்டிருந்த இளைஞரான சாண்டர்சனைத் தொடரை முடிக்கத் தேர்ந்தெடுத்தார். ஜோர்டன் விட்டுச்சென்ற குறிப்புகள், எழுதியும் சொல்லியும் வைத்திருந்த காட்சிகள், இறுதிப் பகுதி ஆகியவற்றைக் கொண்டு 'த கேதரிங் ஸ்டார்ம்' (2009), 'டவர்ஸ் ஆஃப் மிட்நைட்' (2010), 'எ மெமரி ஆஃப் லைட்' (2013) என்னும் மூன்று தொகுதிகள் உருவாயின. பதினான்கு தொகுதிகளும் முன்கதையும் சேர்ந்து ஏறத்தாழ 44 இலட்சம் சொற்கள் கொண்டவை. கதைத்திட்டம் ஒருவருடையது; இறுதி மூன்று தொகுதிகளின் வாக்கியங்களில் பெரும்பகுதி மற்றவருடையது.

2. லெ குவினின் சோதனை

மிகுபுனைவின் உரைநடை பற்றிய விவாதத்தில் தவிர்க்கவியலாத கட்டுரை, அர்சுலா கே. லெ குவின் 1973இல் வெளியிட்ட 'ஃப்ரம் எல்ஃப்லாண்ட் டு பொகீப்ஸி'. அதில் அவர் ஒரு சிறு சோதனையைச் செய்து காட்டுகிறார். கேத்தரின் கர்ட்ஸ் எழுதிய 'டெரினி ரைசிங்' (1970) நாவலிலிருந்து ஓர் உரையாடலை எடுத்து, நான்கைந்து சொற்களை மட்டும் மாற்றுகிறார். மாய அரசொன்றின் பிரபுக்கள் பேசிக்கொண்ட அதே பேச்சு, வாஷிங்டன் நகரத்து அரசியல்வாதிகளின் பேச்சாகிவிடுகிறது; எங்கும் தையல் தெரியவில்லை. அவ்வளவு எளிதாக இடம்பெயர முடிந்த மொழி, முதலில் அந்த மாய உலகில் இருந்ததே இல்லை என்பது அவர் முடிவு. நடப்பியல் நாவலில் வாசகர் அறிந்த உலகம் பின்னணியாக நின்று தளர்ந்த நடையையும் தாங்கிக்கொள்ளும். மிகுபுனைவிலோ ஆசிரியரின் சொல்லைத் தவிர வேறு உலகம் இல்லை என்கிறார்.

இக்கருத்தின் பிற்பகுதி மறுக்கவியலாதது. ஆனால் அவருடைய சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒரு பத்தியைத் தனியே பெயர்த்தெடுத்துச் செய்யும் சோதனை. டன்சேனி, எடிசன், டோல்கீன் போன்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தம் உலகத்தை ஒலிக்கச் செய்தவர்களுக்கு அது பொருந்தும். பதினான்கு தொகுதிகள் நீளும் தொடர் தன் வேலையைப் பத்திக்குள் செய்வதில்லை. ஒரு பத்திக்கும் அதற்கு எண்ணூறு பக்கங்கள் தள்ளி வரும் இன்னொரு பத்திக்கும் இடையிலுள்ள தொலைவில் செய்கிறது. தனியே எடுத்த பத்தியில் ஒரு பெண் தன் பின்னலை இழுத்தாள் என்று இருந்தால் அதில் நயமும் இல்லை, குற்றமும் இல்லை. அதே செயல் இருபதாம் முறை வரும்போதுதான் அது நடையின் சிக்கலாகிறது. ஆகவே அளக்கும் அலகை மாற்ற வேண்டியுள்ளது.

3. அளவுகோல்

தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலையும் ஒன்றாக எண்ணுகின்றன. அவை பேசுவது இலக்கண நூல் போன்ற நூல்களைப் பற்றி, கதையைப் பற்றியன்று. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே இங்கு அக்கருத்து எடுத்தாளப்படுகிறது. நமக்கு உதவுவது குற்றப்பட்டியலைவிட அதற்கு மரபு வழங்கும் விலக்கே. முன்பு கூறியதை மீண்டும் கூறினாலும், அது வேறொரு பொருளை விளைவிக்குமாயின் குற்றமாகாது என்பது அவ்விலக்கு. எத்தனை முறை கூறப்பட்டது என்பது அங்கே கேள்வியன்று. ஒவ்வொரு முறையும் என்ன விளைந்தது என்பதே கேள்வி.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டியது வாய்பாடு குறித்த ஆய்வு. மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்ட் ஆகியோர் வாய்மொழிக் காப்பியங்களில் கண்ட வாய்பாட்டுத் தொடர்களைச் சங்கப் பாடல்களில் தேடிய க. கைலாசபதி, 'தமிழ் ஹீரோயிக் பொயட்ரி' (1968) நூலில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களைப் புலமைக் குறைவாகக் கொள்ளாமல் பாடலாக்கத்தின் கருவியாகக் கண்டார். அம்முடிவு சங்கப் பாடல்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இன்றும் விவாதத்திற்குரியது. இங்கு அது நம் பொருளன்று. ஜோர்டன் வாய்மொழிப் பாணரும் அல்லர். எழுதி, திருத்தி, அச்சிட்டவர். பாணருக்கு வாய்பாடு யாப்பின் தேவை. இவருக்கு அத்தேவை இல்லை. பின் ஏன் இத்தனை வாய்பாடுகள்?

வாசகரின் நினைவே காரணம் எனத் தோன்றுகிறது. தொடரில் பெயர்பெற்ற கதைமாந்தர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஒன்பதாம் தொகுதி 2000இலும் பத்தாம் தொகுதி 2003இலும் பதினொன்றாம் தொகுதி 2005இலும் வந்தன. மூன்றாண்டுக்குப் பின் நூலைத் திறக்கும் வாசகருக்கு, இவள் யார் என்பதை ஒரு சைகையால் உணர்த்தியாக வேண்டும். இக்கட்டுரையாளர் பதினான்கு தொகுதிகளையும் இடைவெளியின்றிப் படித்தவர். ஆகவே காத்திருந்து படித்தவர்களைவிட வாய்பாடுகள் அதிகமாகவே உறுத்தின. தமிழ் வார இதழ்த் தொடர்கதைகளை இன்று நூலாகத் தொகுத்துப் படிக்கும்போது அத்தியாயத் தொடக்கத்தின் நினைவூட்டல்கள் உறுத்துவதும் இதே காரணத்தால்தான். நடைக்குறை என்று நாம் குறிப்பனவற்றுள் ஒரு பகுதி, வாசிப்பு முறை மாறியதன் விளைவு.

ஆயினும் ஒரு பகுதி மட்டுமே. எஞ்சியதை மேற்கண்ட அளவுகோலால் பார்ப்போம்.

4. நைனீவின் பின்னல்

ஜோர்டனைக் கேலி செய்வோர் முதலில் எடுப்பது நைனீவ் என்னும் கதைமாந்தரின் பின்னலை. சினம் வரும்போதெல்லாம் அவள் தன் நீண்ட பின்னலைப் பற்றி இழுப்பாள். தொடர் முழுவதும் இழுத்துக்கொண்டே இருப்பாள்.

முதல் தொகுதியில் இச்செயல் எதைச் சுமந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கதை தொடங்கும் சிற்றூரில், ஒரு பெண் மணத்திற்குரிய வயதை அடைந்துவிட்டாள் என்று ஊர்ப்பெண்களின் அவை ஏற்ற பின்னரே அவள் தலைமயிரைப் பின்னிக்கொள்ளலாம். பின்னல் அங்கே வளர்ந்தவள் என்பதற்கான சான்று. நைனீவ் அவ்வூரின் மருத்துவச்சி. மதிப்புமிக்க அப்பதவிக்கு வயது போதாதவள் எனப் பலராலும் கருதப்படுபவள். தன் சொல் மதிக்கப்படாதபோது அவள் கை பின்னலுக்குப் போவது, தன் தகுதிச்சான்றைத் தொட்டுப் பார்ப்பது போன்றது. அதே ஊரில் அண்மையில்தான் பின்னல் பெற்ற எக்வேன், ஊரைவிட்டு வெளியேறியதும் பின்னலை அவிழ்த்துவிடுகிறாள். ஒருத்தி விடுகிறாள், ஒருத்தி பற்றிக்கொள்கிறாள். இருவரின் வாழ்க்கைப் பாதையும் இங்கேயே பிரிந்துவிடுகிறது.

அடுத்த தொகுதிகளில் இதன்மேல் இன்னொரு பொருள் ஏறுகிறது. நைனீவிடம் மாய ஆற்றல் உண்டு. ஆனால் மனத்தடை ஒன்றால், சினந்திருக்கும்போது மட்டுமே அவளால் அதைப் பயன்படுத்த முடியும். இதன்பின் பின்னலை இழுக்கும் செயல் வெறும் மெய்ப்பாடு அன்று. இடர் நெருங்கும் காட்சியில் அவள் கை பின்னலுக்குப் போகிறதா என வாசகர் பார்க்கிறார். போனால் அவளால் இயலும். போகாவிட்டால் எல்லோரும் மாண்டுபோகலாம். மெய்ப்பாடே கதைநிகழ்ச்சியின் விசையாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் இம்முறை கோபம் போதுமா என்னும் கேள்வியை அது எழுப்புகிறது. கூறியது கூறலாயினும் வேறு பொருள் விளைகிறது.

ஏழாம் தொகுதியான 'எ கிரவுன் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' (1996) நாவலில் மூழ்கும் படகுக்குள் அவள் சிக்கிக்கொள்கிறாள். போராட வழியின்றித் தன்னை ஒப்புக்கொடுக்கும் கணத்தில் மனத்தடை உடைகிறது. இதன்பின் ஆற்றலுக்குச் சினம் தேவையில்லை. ஆனால் பின்னலை இழுப்பது நிற்கவில்லை. நம் அளவுகோலின்படி குற்றம் இங்கேதான் தொடங்குகிறது. பலரும் எண்ணுவது போல முதலிலிருந்தே அன்று. விசை தீர்ந்த பின்னும் சக்கரம் சுழல்கிறது. ஏழாம் தொகுதிக்கு முன்னும் பின்னும் இச்செயல் அகராதிப் பொருளில் ஒன்றே. கதையில் அதன் மதிப்பு வேறு. மொழிநடை இயலில் இதனைப் பட்டியலிட்டு எண்ணும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டைக் காணவே முடியாது. ஏனெனில் அது பாத்திரப்படைப்பு இயலில் இருக்கிறது.

5. பொதுச் சைகைகள்

இதற்கு மாறாக, எந்த விளைவும் இல்லாத வாய்பாடுகளும் ஜோர்டனிடம் நிறைய உண்டு. பெண்கள் மார்புக்குக் கீழே கைகளைக் கட்டிக்கொள்கின்றனர், பாவாடையை நீவிவிட்டுக்கொள்கின்றனர், மூக்கை உறிஞ்சி ஏளனம் காட்டுகின்றனர். அரசி, வணிகர், மாயக்காரி, விடுதிக்காரி என எல்லோரும், எந்த நாட்டினராயினும், இதையே செய்கின்றனர். ஒருவருக்கே உரிய வாய்பாடு அவருக்கு இன்னொரு பெயர் போல அமையும். ஒரு பாலார் முழுவதற்கும் பொதுவாக்கப்பட்ட வாய்பாடு அவ்வாறு அமையாது. அது அப்பாலாரைப் பற்றிய ஆசிரியரின் அபிப்பிராயமாகவே எஞ்சும். நாடுதோறும் உடை, பழமொழி, ஆணை, வணக்கமுறை என வேறுபடுத்திக் காட்ட அத்தனை பாடுபட்ட ஆசிரியர், கோபித்த பெண்ணின் உடலசைவை மட்டும் எங்கும் ஒன்றாகவே கண்டிருப்பது நடைக்குறை மட்டுமன்று.

ஆடை வருணனைகளும் இத்தகையனவே என்பர். முற்றிலும் அவ்வாறன்று. கைரியன் நாட்டுப் பிரபுக்களின் உடையில் குறுக்காக ஓடும் வண்ணக் கோடுகளின் எண்ணிக்கை அவர்களின் தகுதியைக் காட்டும். அங்கே உடையைப் படிப்பது அரசியலைப் படிப்பது. ஆனால் பத்தாம் தொகுதியான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்' (2003) பற்றி இவ்வாறு வாதாட இயலாது. முந்தைய தொகுதியின் இறுதியில் நிகழ்ந்த பெருநிகழ்ச்சியை, அதே நேரத்தில் வேறிடங்களில் இருந்தோர் எவ்வாறு உணர்ந்தனர் என்பதிலேயே அதன் பெரும்பகுதி கழிகிறது. கதை நின்றுவிட்ட இடத்தில் துணி மட்டும் அசைகிறது.

ஒரு வாய்பாட்டைக் குறிப்பாகப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு தொகுதியின் முதல் அத்தியாயமும் ஏறத்தாழ ஒரே பத்தியுடன் தொடங்கும். காலச்சக்கரம் சுழல்வதைச் சொல்லி, ஏதோ ஓரிடத்தில் காற்று எழுவதைச் சொல்லி, அது முதல் தொடக்கமன்று என்று திருத்திக்கொள்ளும் பத்தி அது. தொகுதிதோறும் காற்று எழும் இடம் மட்டும் மாறும். காற்றுப் போகும் வழியே வாசகரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போய், கதைமாந்தரை அடைவார். ஐந்தாறு தொகுதிகளுக்குப் பின் இப்பத்தி ஒரு வழிபாட்டுத் தன்மையைப் பெற்றுவிடுகிறது. சாண்டர்சனும் இதைக் கைவிடவில்லை. காலம் சுழல்வது என்னும் கருத்து இத்தொடரில் எங்கும் விளக்கப்பட வேண்டியதே இல்லை. பதினான்கு முறை நிகழ்த்தப்பட்டுவிட்டது.

6. கண்ணாடி நடை

சாண்டர்சனின் உரைநடைக் கொள்கை அவரே வெளிப்படையாகக் கூறியது. நல்ல உரைநடை சாளரக் கண்ணாடி போன்றது என்று 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் கூறிய கருத்தை எடுத்துக்கொண்டு, வண்ணக் கண்ணாடி நடைக்கு எதிராகத் தம்முடையதைத் தெளிந்த கண்ணாடி நடை எனக் கூறுவார். வாசகர் நடையைப் பார்க்கக் கூடாது; அதனூடாகக் கதையைப் பார்க்க வேண்டும்.

இந்நடை எங்கு வலிமை பெறுகிறது என்பதற்கு அவருடைய 'மிஸ்ட்பார்ன்' (2006) சிறந்த எடுத்துக்காட்டு. அதில் சிலர் உலோகத் துகள்களை விழுங்கி, உடலுக்குள் அவற்றை எரித்து ஆற்றல் பெறுகின்றனர். எஃகை எரிப்பவர் அருகிலுள்ள உலோகப்பொருளைத் தள்ளலாம்; ஆனால் பொருள் தம்மைவிடக் கனமாகவோ அசையாமல் பதிந்தோ இருந்தால் தாமே தூக்கியெறியப்படுவர். ஆகவே ஒரு நாணயத்தைத் தரையில் போட்டு அதைத் தள்ளினால் கூரைக்கு மேல் எழும்பலாம். இவ்விதிகளை வாசகர் கற்றுக்கொண்ட பின், சண்டைக் காட்சியில் ஒரு கதவின் தாழ்ப்பாள் உலோகம் என்பது வெறும் தகவல் அன்று. மாயத்தால் சிக்கலைத் தீர்க்க ஆசிரியருக்கு உள்ள உரிமை, வாசகர் அம்மாயத்தை எவ்வளவு புரிந்துகொண்டுள்ளார் என்பதைப் பொறுத்தது என்று 2007இல் அவர் வகுத்த விதி இந்நடையிலிருந்தே பிறக்கிறது. சொல் ஒவ்வொன்றும் ஒரு பொருளையே குறிக்க வேண்டும். இருபொருள் தரும் உருவகம் வந்தால் வாசகரின் கணக்குத் தவறிவிடும். இந்த எளிமையை வறுமை என்பது தவறு. விளையாட்டின் விதிகளை எழுதுபவரின் மொழி அது.

ஆனால் கண்ணாடி உருவகத்தில் ஒரு நம்பிக்கை மறைந்துள்ளது. கண்ணாடிக்கு அப்பால் கதைமாந்தர் ஏற்கெனவே முழுமையாக நிற்கின்றனர், கண்ணாடியை மாற்றினாலும் அவர்கள் மாறுவதில்லை என்பது அது. 'த கேதரிங் ஸ்டார்ம்' முன்னுரையில் சாண்டர்சன் இதையே வேறு சொற்களில் கூறுகிறார். ஜோர்டனின் நடையைப் போலச்செய்ய முயலவில்லை என்றும், தம் நடையைத் தொடருக்கு ஏற்பப் பொருத்திக்கொண்டு கதைமாந்தரின் உயிருக்கு உண்மையாக இருக்க முயன்றதாகவும் எழுதுகிறார். நேர்மையான கூற்று. போலிநடையின் கேலித்தன்மையிலிருந்து அந்நாவலைக் காத்ததும் இம்முடிவே. எனினும் நடை வேறு, உயிர் வேறு என்னும் பிரிப்பு இங்கே கொள்கையாகவே நிற்கிறது. அது சோதிக்கப்பட்டது மேட் என்னும் இளைஞனிடம்.

7. மேட்

மேட் காத்தன் சூதாடி, குடிப்பவன், பொறுப்பற்றவன் என்று தன்னைப் பற்றி எண்ணுபவன். தான் வீரன் அல்லன் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. ஜோர்டன் படர்க்கையில், ஆனால் அவ்வப்போது ஒரு கதைமாந்தரின் நோக்குநிலைக்குள் மட்டும் நின்று எழுதுபவர். மேட்டின் அத்தியாயங்களில் கதைகூறும் குரலே மேட்டின் தற்பொய்யை நம்பிப் பேசும். ஐந்தாம் தொகுதியான 'த ஃபயர்ஸ் ஆஃப் ஹெவன்' (1993) நாவலில் கைரியன் போரிலிருந்து அவன் தப்பியோடப் பார்க்கிறான். மேட்டிலிருந்து பார்க்கும்போது ஒரு படை பொறிக்குள் போவது தெரிகிறது. எச்சரித்துவிட்டு மட்டும் போய்விடலாம் என்று இறங்குகிறான். பின்னர் அப்படையை நடத்துகிறான். எதிரித் தலைவன் அவன் கையால் மாள்கிறான். அந்தச் சண்டையோ வாசகருக்குக் காட்டப்படுவதே இல்லை, பின்னர் தெரியவருகிறது. அவன் அதைச் சொல்ல விரும்பவில்லை. ஆகவே அவன் நோக்குநிலையில் நிற்கும் உரைநடையும் அதைச் சொல்லவில்லை.

மேட்டின் நகைச்சுவை முழுவதும் இந்த அமைப்பில் உள்ளது. வாக்கியம் ஒன்று கூறும். அடுத்த வாக்கியத்தில் அவன் செய்வது அதை மறுக்கும். இரண்டுக்கும் இடையே 'ஆனால்' என்ற சொல் இருக்காது. அவனுக்கு முரண் தெரியாது. வாக்கியத்திற்கும் தெரியாது. வாசகருக்கு மட்டுமே தெரியும்.

'த கேதரிங் ஸ்டார்ம்' நாவலின் மேட் நகைச்சுவையாளன். நண்பனிடம் பெண்களைப் பற்றி நீண்ட வசைப்பொழிவு நிகழ்த்துகிறான். ஓர் ஊருக்குள் மறைவாக நுழையுமுன் தன் ஆட்களுக்குப் பொய் வாழ்க்கை வரலாறுகளை விரிவாகப் புனைந்து கொடுக்கிறான். தனியே பார்த்தால் சிரிக்கத்தக்க பகுதிகளே. தொடரின் வாசகர்கள் பலர் இவன் மேட் அல்லன் என்றனர். சாண்டர்சனும் முதல் முயற்சியில் மேட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை எனப் பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எங்கே தவறியது? செய்திகள் எதுவும் மாறவில்லை. சூதாட்டம், தொப்பி, ஈட்டி, பெண்களைப் பற்றிய புலம்பல், வசைச்சொற்கள் ஆகிய அனைத்தும் உள்ளன. பாத்திரப்படைப்பு இயலில் நாம் பட்டியலிடும் பண்புகள் யாவும் இருக்கின்றன. நகைச்சுவை வாக்கியத்தின் அமைப்பிலிருந்து மேட்டின் வாய்க்கு இடம்பெயர்ந்துவிட்டது. அவன் வேடிக்கை செய்யத் தொடங்கியதும் தன்னை அறிந்தவனாகிவிட்டான்; தன்னை அறிந்தவன் மேட் ஆக முடியாது. தெளிந்த கண்ணாடியினூடாகப் பார்த்தபோது அங்கே வேறொருவன் நின்றான். ஏனெனில் முந்தையவன் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவன் அல்லன். அதன் கோணலால் உண்டானவன்.

இதே நாவலில் ராண்டின் அத்தியாயங்கள் பெற்ற வலிமை இதற்குத் துணைச்சான்று. உலகைக் காக்கப் பிறந்தவனாகக் கருதப்படும் ராண்ட், உணர்ச்சிகள் யாவற்றையும் கொன்று தன்னை இறுக்கிக்கொள்ளும் கட்டம் அது. ஜோர்டனின் சுற்றிவளைக்கும் நீண்ட வாக்கியங்களைவிட, அணி நீங்கிய குறுவாக்கியங்கள் அவ்விறுக்கத்திற்குப் பொருந்துகின்றன. சாண்டர்சன் ராண்டை நன்கு புரிந்துகொண்டு மேட்டைப் புரிந்துகொள்ளவில்லை என்று இதை விளக்குவது எளிது. ஒருவனின் அக்கட்டத்து மனநிலை அந்நடைக்கு இயல்பாக அமைந்தது, மற்றவனின் இருப்பே அதற்குப் பகையானது என்பதே பொருத்தமான விளக்கம்.

கட்டமைப்பில் சாண்டர்சனின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. பத்தாம் தொகுதியில் தேங்கிய இழைகளை விரைந்து இணைத்தவர் அவர். இறுதித் தொகுதியில் இறுதிப்போரை ஏறத்தாழ 200 பக்கம் நீளும் ஒரே அத்தியாயமாக வைத்தது துணிந்த முடிவு. பத்துப் பதினைந்து பக்கத்திற்கு ஒருமுறை நூலை மூடிவைக்கும் இடத்தை வாசகரிடமிருந்து அது பறித்துவிடுகிறது. களத்தில் இருப்போருக்கும் ஓய்வில்லை. நோக்குநிலைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதுவரை பெயரளவில் வந்தோரும் சில வரிகளுக்கு நோக்குநிலை பெற்று, அவ்வரிகளின் முடிவில் இறக்கின்றனர். வாக்கியத்தில் அணி இல்லை என்பதால் நடை இல்லை என்று கூறுவோர், அத்தியாயம் எங்கே முடிகிறது என்பதும் நடையே என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நைனீவின் பின்னலுக்கு நேர்ந்ததையும் இங்குச் சொல்ல வேண்டும். 'டவர்ஸ் ஆஃப் மிட்நைட்' நாவலில், மாயக்காரியர் அவையில் முழு உறுப்பினராவதற்கான தேர்வை அவள் எதிர்கொள்கிறாள். எது நேர்ந்தாலும் அமைதி குலையாமல் இருப்பதே தேர்வின் நெறி. தனக்கு வேண்டியவர்கள் இடரில் இருக்கும் காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. அவள் நெறியை மீறி ஓடுகிறாள், தடைசெய்யப்பட்ட ஆற்றலைக் கையாள்கிறாள். அமைதி காக்காததற்காகத் தேர்வாளர்கள் அவளைக் கண்டிக்கின்றனர். அவளோ வருந்தவில்லை, வாதாடுகிறாள், தேறுகிறாள். அத்தேர்வில் அவளுடைய பின்னல் எரிந்து, மயிர் தோளளவாகக் குறுகிவிடுகிறது. ஏழாம் தொகுதிக்குப் பின் பொருளிழந்து சுழன்றுகொண்டிருந்த வாய்பாட்டை, அதைப் படைக்காத ஆசிரியர் எடுத்து, எரித்து, மீண்டும் பொருள் தரச் செய்கிறார். சிற்றூர்ப் பெண்களின் அவை தந்த சான்று போனது; அவளுக்கு இனி அது தேவைப்படவும் இல்லை. தன் தகுதியை உறுதிசெய்துகொள்ளக் கை எதைத் தேடிப் போகுமோ அது தலையில் இல்லாத நிலையில்தான் அவள் அத்தகுதியைப் பெறுகிறாள். முன்பு அத்தனை முறை, சலிப்பூட்டும் அளவுக்கு, அவள் அதை இழுத்திராவிட்டால் இக்காட்சியில் எரிவது வெறும் மயிராகவே இருந்திருக்கும்.